மொட்டை மாடியில் குசினி: கல்லில் கட்டுவதா, எவர்சில்வரில் வாங்குவதா?

கேள்வி: 4 மார்ச் 2023

சிசிலியில், பலெர்மோவுக்குக் கிழக்கே அஸ்ப்ராவில் மேல்மாடி வீடு ஒன்று வாங்கியிருக்கிறோம். கடல் எழுபது மீட்டர் தள்ளி. மொட்டை மாடி 6 × 4 மீட்டர், வடக்குப் பக்கம் வளைகுடா திறந்து கிடக்கிறது. அங்கே முழுக் குசினி ஒன்று போட ஆசை. மூன்று மீட்டர் நீளத்தில் கல் மேடை, அதற்குள் காஸ் அடுப்பு, பக்கத்தில் கரி அடுப்பு, பாத்திரம் கழுவத் தொட்டி, இடம் மிஞ்சினால் சின்னதாக ஒரு பீட்சா அடுப்பு. கடைக்காரர் எவர்சில்வர் தொகுப்பைக் காட்டுகிறார். மேசன், "கல்லில் கட்டிவிட்டால் ஆயுள் முழுக்கக் கவலையில்லை" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

4 மார்ச் 2023, இரவு

இருவரையும் கேட்காதீர்கள், தம்பி. கடைக்காரர் விற்றுவிட்டுப் போய்விடுவார், மேசன் கட்டிவிட்டுப் போய்விடுவார். காற்றும் உப்பும் எங்கும் போகாது.

நான் ஸ்பெர்ரகவால்லோவில் பதினான்கு வருடமாக மேல்மாடியில் குடியிருக்கிறேன். அதற்கு முன் மொந்தெல்லோவில் ஓர் உணவகத்தில் ஐந்து வருடம் மீன் கழுவினேன், ஏழு வருடம் மீன் பொரித்தேன். இந்த மாடியில் மூன்று தடவை குசினி போட்டாயிற்று. முதலாவது எவர்சில்வர். ஐந்து மாதத்தில் தேநீர் ஊற்றியது போல் ஆனது. இரண்டாவது கல். பாதிக்கு மேல் எழும்பவில்லை. மூன்றாவது இப்போது இருப்பது. அதைக் குசினி என்று சொன்னால் என் மனைவிக்குச் சிரிப்பு வருகிறது. மிச்சம் நாளைக்கு, கை வலிக்கிறது.

5 மார்ச் 2023

முதலில் எடை. ஆசை, நிறம், பீட்சா எல்லாம் பிறகு.

உங்கள் மூன்று மீட்டர் மேடையை நான் காகிதத்தில் நிறுத்துப் பார்த்தேன். தாங்குவதற்கு மூன்று குறுக்குச் சுவர்கள், உங்கள் ஊர்ப் பக்கத்து மஞ்சள் கல்லில், ஒவ்வொன்றும் 60 சென்டிமீட்டர் ஆழம், 20 தடிப்பு, 80 உயரம். மூன்றும் சேர்ந்து 450 கிலோவுக்குக் குறையாது. மேலே எட்டு சென்டிமீட்டர் கொங்கிரீட் தட்டு, 3 மீட்டருக்கு 65 சென்டிமீட்டர்: அது 390 கிலோ. ஓடு, தொட்டி, அடுப்பு, எண்ணெய்ப் போத்தல், சாய்ந்து நின்று கதை பேசும் மைத்துனர் ஆகியோர் தனி. இரண்டு சதுர மீட்டருக்குள் ஏறத்தாழ ஒரு தொன். இத்தாலியக் கட்டட விதி வீட்டுத் தளத்துக்குக் கணக்கில் எடுக்கும் பாரம் சதுர மீட்டருக்கு 200 கிலோ, பல்கனிக்கு 400. அதுவும் இப்போது கட்டும் வீட்டுக்கு. உங்கள் வீட்டை எந்த ஆண்டு, யார், என்ன கம்பி போட்டுக் கட்டினார்கள் என்பது சுவருக்குத்தான் தெரியும்.

என்னுடைய கல் மேடை பாதியில் நின்றது இதனால்தான். இரண்டாவது குறுக்குச் சுவர் எழும்பியபோது கீழ்வீட்டு சிஞ்ஞோரா மேலே வந்து, தன் வரவேற்பறை முகட்டில் மயிரிழை அளவு வெடிப்பு ஒன்றைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினார். அந்த வெடிப்பு பத்து வருடப் பழையது என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் ஜெயோமெத்ரா (கட்டட அளவையாளர்) ஒருவர் வந்து தளத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில், அன்று பின்னேரமே கல்லை இறக்கத் தொடங்கினேன். ஏற்றியதைவிட இறக்குவதற்குக் கூலி கூட.

கட்டுவதற்கு முன் ஒரு ஜெயோமெத்ராவைப் பிடியுங்கள். அனுமதி விஷயமும் அவரோடுதான் பேச வேண்டும். 1985ஆம் ஆண்டு கலாஸ்ஸோ சட்டத்திலிருந்து, கரையிலிருந்து 300 மீட்டர் வரையான நிலம் பொதுவாக நிலக்காட்சிப் பாதுகாப்புக்குள் வருகிறது. நீங்கள் எழுபதில் இருக்கிறீர்கள்.

5 மார்ச் 2023, பிறகு

"மாடியில் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தாங்கி நிற்கிறதே, அது ஒரு தொன் இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. நானும் அன்று மேசனிடம் இதையே கேட்டு, கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன். தாங்கி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் படிக்கட்டுச் சுவருக்கு மேலே, மூலையில் நிற்கும். அந்தச் சுவர் தரை வரைக்கும் இறங்குகிறது. உங்கள் மேடையோ, கடல் தெரிய வேண்டும் என்பதற்காகத் தளத்தின் நடுவயிற்றில் வருகிறது.

11 மார்ச் 2023

எவர்சில்வர் கதை.

பலெர்மோவில் ஒரு கடை. பெயர் வேண்டாம், அவர் இப்போதும் எனக்குச் சிரித்த முகத்தோடு வணக்கம் சொல்கிறார். "இனொக்ஸ், சிஞ்ஞோரே, இனொக்ஸ்!" என்று, அதாவது துருவே பிடிக்காது என்று, தட்டிக் காட்டினார். ஏப்ரலில் வந்து இறங்கியது. பெட்டியைத் திறந்த அன்று அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம் போலிருந்தது. செப்டம்பரில் கதவு மடிப்புகளிலும் திருகாணித் தலைகளைச் சுற்றியும் பழுப்பு வழிந்தது. கதவுப் பிடி அலுமினியம், திருகாணி எவர்சில்வர். உப்பு ஈரத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டு நின்றதில் அலுமினியம் வெள்ளை மாவாக உதிர்ந்தது. இரு உலோகம், நடுவில் உப்புத் தண்ணீர். பற்றரிக்கு வேறென்ன வேண்டும்?

எவர்சில்வர் என்று ஒரே பெயரில் பல சாதி விற்கிறார்கள். நிக்கல் இல்லாத 430 மலிவு. 304இல் குரோமியம் பதினெட்டும் நிக்கல் எட்டும் விழுக்காட்டளவில் இருக்கும், உள்வீட்டுக்கு அருமை. கடற்கரைக்கு 316. அதில் கூடுதலாக இரண்டு முதல் மூன்று விழுக்காடு மொலிப்டினம் சேர்க்கிறார்கள், உப்பு போடும் ஊசித் துளைகளைத் தடுப்பது அதுதான். கடைக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு காந்தம் கொண்டுபோங்கள். ஒட்டினால் திரும்பி வாருங்கள்.

12 மார்ச் 2023

காந்தம் பற்றி நேற்று எழுதியது அரைகுறை. உலோகப் பட்டறையில் வேலை செய்யும் என் மருமகன் வாசித்துவிட்டுத் தொலைபேசியில் சிரித்தான். ஒட்டினால் 430 ஆக இருக்கலாம் என்பது சரி. ஆனால் 304க்கும் 316க்கும் உள்ள வேறுபாட்டைக் காந்தம் காட்டாது, இரண்டிலும் ஒட்டாது. மேலும், நல்ல 304 தகட்டையும் மடித்து வளைத்த இடத்தில் காந்தம் லேசாக இழுக்குமாம். ஆகவே, விளிம்பில் வைத்துப் பார்த்துவிட்டுக் கடைக்காரரைக் கள்ளன் என்று சொல்லிவிடாதீர்கள். சிட்டையில் எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதமாட்டேன் என்றால் அப்போது சொல்லலாம்.

2 ஏப்ரல் 2023

காற்றைப் பற்றி எழுதாமல் விட்டுவிட்டேன். உண்மையில் அதிலிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும்.

எங்கள் ஊரில் வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று நாலு காற்றுக்கும் பெயர் சொல்லித்தான் கடலில் இறங்குவார்கள். இங்கேயும் அப்படியே. திரமொந்தானா வடக்கிலிருந்து வருகிறது, நம் வாடை. லெவாந்தே கொண்டல். பொனெந்தே கச்சான். இவை மூன்றும் எனக்குப் பழகிய முகங்கள். நம்மிடம் ஈடு இல்லாத இரண்டுதான் மாடிக் குசினியின் தலைவிதியைத் தீர்மானிக்கின்றன. வடமேற்கிலிருந்து வரும் மாயெஸ்த்ராலே கடலை வாரிக்கொண்டு வந்து உங்கள் கரண்டியில் உப்பாகப் பூசும். தென்கிழக்கிலிருந்து வரும் சிரோக்கோ சகாராவிலிருந்து புறப்பட்டு மலையைத் தாண்டி இறங்கும்போது அடுப்பைத் திறந்த மாதிரி இருக்கும். செம்மண் தூளைத் தூவிவிட்டுப் போகும். உப்பைக் கழுவலாம். செம்மண் எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிவிட்டால் சுரண்டத்தான் வேண்டும்.

ஒரு வாரம் சமைக்காமல் மாடியில் ஒரு கதிரையைப் போட்டு உட்காருங்கள். ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி வெவ்வேறு இடத்தில் வைத்துப் பாருங்கள், காலையில், மதியம், விளக்கு வைக்கும் நேரத்தில். எங்கே அணையாமல் நிற்கிறதோ அதுதான் அடுப்பு மூலை. கடல் தெரிகிற மூலையாக அது இருக்காது என்று இப்போதே சொல்லிவைக்கிறேன்.

3 ஏப்ரல் 2023

"காற்றுக்கு ஒரு கண்ணாடித் தடுப்பு வைத்தால் போகிறது" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். நானும் வைத்தேன், கண்ணாடி இல்லை, மரப்பலகை, இடைவெளியில்லாமல். காற்று பலகையில் முட்டி மேலே ஏறி, எனக்குப் பின்னாலிருந்து குப்புற விழுந்தது. முன்பு முகத்தில் பட்ட புகை பிறகு பிடரியில் பட்டது. பக்கத்து மாடிக் கிழவர், பழைய மீன்பிடிகாரர், இரண்டு நாள் வேடிக்கை பார்த்துவிட்டு மூன்றாம் நாள் வந்து, ஒன்றுவிட்டு ஒன்றாகப் பலகையைப் பிடுங்கினார். சுவாலை நிமிர்ந்து நின்றது. முழுத் தடுப்பு காற்றைக் கோபப்படுத்தும், இடைவெளி விட்ட தடுப்பு களைப்படையச் செய்யும். துளைச் செங்கல் சுவரும் இதே வேலையைச் செய்யும், ஆனால் பாரம். மார்ச் 5ஆம் தேதிக் குறிப்பைப் பார்க்கவும்.

3 ஏப்ரல் 2023, இன்னும் ஒன்று

வேலிக்குப் பனையோலை வரிந்து கட்டிவிட்டுக் காற்று வரவில்லை என்று சொன்ன ஒரு வீடும் ஊரில் இருந்ததில்லை. இடைவெளி விட்ட தடுப்பின் அருமை எனக்கு ஏன் தெரியாமல் போனது?

21 ஏப்ரல் 2023

காஸ். இதைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள்.

இங்கே போம்போலா என்று அழைக்கும் சிலிண்டர் பெரும்பாலும் 10, 15 கிலோக்களில் கிடைக்கிறது. உள்ளே இருக்கும் காஸ் காற்றைவிடப் பாரமானது. புரோப்பேன் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் மேலே பறந்து போகாது, தண்ணீரைப் போலத் தரையில் வழிந்து பள்ளம் தேடும். மாடிதானே, திறந்த வெளிதானே என்று நினைக்க வேண்டாம். மழைநீர்த் துளை ஒரு பள்ளம், படிக்கட்டு வாசல் ஒரு பள்ளம். சிலிண்டரை அழகுக்காகக் கல் மேடைக்குள் மூடி வைத்தால் அது மூன்றாவது பள்ளம். பெட்டிக்குள்தான் வைப்பேன் என்றால், அடிப்பக்கத்தில், தரையோடு ஒட்டித் திறப்பு விடுங்கள். மேலே விடும் ஓட்டை ஒன்றுக்கும் உதவாது.

ஆகஸ்டில் தக்காளிச் சாறு காய்ச்சுவதற்கு இங்கே வீட்டுக்கு வீடு ஒரு போர்னெல்லோனே வைத்திருப்பார்கள். முக்காலியில் பெரிய வட்ட அடுப்பு. நம் ஊர்க் கோயில் அன்னதானச் சமையல் நினைவுக்கு வரும். அருமையான சாமான். ஆனால் என்னுடையதில் சுவாலை அணைந்தால் காஸை நிறுத்தும் தெர்மொகொப்பியா இல்லை. மாயெஸ்த்ராலே ஊதி அணைத்துவிடும், காஸ் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். புதிதாக வாங்கினால் அது உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். இல்லாததை வைத்திருப்பவர் அடுப்பை விட்டு நகரக் கூடாது, தொலைபேசி அடித்தாலும்.

றப்பர்க் குழாயில், இன்ன ஆண்டுக்குள் மாற்றவும் என்று அச்சடித்திருக்கும். ஐந்து வருடம்தான் அதன் ஆயுள், ஒன்றரை மீட்டர்தான் அதன் நீளம். வெயிலில் கிடக்கும் குழாய் அதற்கு முன்பே வெடிப்பு விடும். குனிந்து வாசியுங்கள். யாரும் வாசிப்பதில்லை.

30 ஏப்ரல் 2023

ஒருவர் இங்கே "குசினி" என்ற சொல்லுக்குச் சண்டைக்கு வந்திருக்கிறார், சமையலறை என்று எழுத வேண்டுமாம். ஐயா, போர்த்துக்கேயர் எங்களிடம் விட்டுப்போனவற்றில் அலுமாரி, கதிரையோடு இதுவும் ஒன்று. பலெர்மோவில் வந்து இறங்கிய முதல் வாரம், ஒரு வார்த்தை இத்தாலியன் தெரியாத எனக்கு, முதலாளியம்மா "குச்சீனா!" என்று கத்தியது மட்டும் விளங்கியது. நேரே குசினிக்குப் போனேன். அந்தச் சொல்லுக்கு நான் பட்ட கடன் உண்டு.

18 ஜூன் 2023

மேற்பரப்பு என்ன கல் என்று கேட்டிருந்தீர்கள்.

மார்பிள் அழகு, குளிர்ச்சி. மீன் கடைக்காரர் அதில் மீன் பரப்புவது அந்தக் குளிர்ச்சிக்காகத்தான். ஆனால் அது சுண்ணாம்பு. எலுமிச்சையைக் கண்டால் கரையும். நான் முதல் நாளே, பாதி வெட்டிய எலுமிச்சையைக் குப்புற வைத்துவிட்டுப் போய் மீன் பொரித்தேன். பத்து நிமிடம்தான். எடுத்துப் பார்த்தால் வட்டமாக, மங்கலாக, காசு அளவில் ஒரு தழும்பு. தேய்த்தேன், கழுவினேன், மனைவியிடம் மறைத்தேன். சிசிலியில் எலுமிச்சை இல்லாமல் மீன் ஏது?

எத்னா மலையின் எரிமலைக் கல்லைப் பலகையாக அறுத்து, மேலே மட்பாண்டத்துக்குப் போல மெருகு பூசிச் சுட்டு விற்கிறார்கள். எலுமிச்சையும் வெயிலும் அதை ஒன்றும் செய்வதில்லை. விலைதான் எரிமலை. நான் வாங்கவில்லை. மூடிப்போன ஒரு தேநீர்க் கடையின் மார்பிள் மேசை, இரும்புக் காலோடு, பழைய சாமானாகக் கிடைத்தது. அதில் ஏற்கெனவே முப்பது வருடத் தழும்பு. இன்னும் பத்து விழுந்தால் யார் எண்ணப் போகிறார்கள்?

இரும்புக் கால் துருப்பிடிக்கும். வருடத்துக்கு ஒரு தடவை சுரண்டிப் பூச்சடிக்கிறேன். துருப்பிடிக்கும் என்று தெரிந்த இரும்போடு எனக்கு மனத்தாங்கல் இல்லை.

26 ஜூலை 2023

இரண்டு நாளாக யாரும் மாடியில் நெருப்பு மூட்டவில்லை. திங்கட்கிழமை சிரோக்கோ, நகரத்து வானாய்வகத்தில் 47 டிகிரி. பலெர்மோவைச் சுற்றி மலைகள் எரிந்தன. செவ்வாய் காலை விமான நிலையத்தைச் சில மணி நேரம் மூடினார்கள். எங்கள் மாடியில் சாம்பல் பூப்பூவாக வந்து விழுந்தது. மனைவி உலரப் போட்ட மிளகாய்த் தட்டை உள்ளே எடுத்து வைத்தாள்.

தம்பி, நீங்கள் எழுதிய கரி அடுப்பைப் பற்றி இன்றைக்கு எனக்கு நல்ல வார்த்தை வராது. இன்னொரு நாள் கேளுங்கள்.

20 ஆகஸ்ட் 2023

கரி பற்றி, மனம் ஆறிய பிறகு.

ஒலிவ் விறகின் தணல் நீண்ட நேரம் நிற்கும். எலுமிச்சைக் கிளை தறித்தது கிடைத்தால் மீனுக்கு நல்லது. சூடை மீனை அப்படியே, செதிலோடு, கல்லுப்புத் தூவித் தணலில் வையுங்கள். தோல் வெடித்து எண்ணெய் சொட்டி "சுள்" என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சொட்டுத்தான் புகை, அந்தப் புகைதான் ருசி, அந்தப் புகைதான் வழக்கும். இத்தாலியக் குடியியல் சட்டத்தின் 844ஆம் பிரிவு, அயலவர் சாதாரணமாகப் பொறுக்கக்கூடிய அளவைத் தாண்டிப் புகை போகக் கூடாது என்கிறது. சாதாரணமான பொறுமை எவ்வளவு என்பதைச் சட்டம் சொல்லவில்லை. என் பொறுமையை அளவாக வைத்தால் சூடையை மறந்துவிட வேண்டும்.

சென்ற வாரம் நடந்தது இது. ஆகஸ்டில் இங்கே தக்காளிச் சாற்றில் உப்புப் போட்டு, அகன்ற மரப்பலகைகளில் பரப்பி மாடியில் காயவைப்பார்கள். பெயர் ஸ்திராத்து. முதல் நாள் தண்ணீராக, சிவப்பாக இருக்கும். உள்ளங்கையால் புரட்டிப் புரட்டி, நாலாம் நாள் கருஞ்சிவப்பில் களிமண் போலத் திரண்டு வரும். பெட்டி பெட்டியாக வாங்கிய தக்காளி இரண்டு மூன்று போத்தலில் அடங்கிவிடும். கீழ்வீட்டு சிஞ்ஞோராவின் பலகைகள் எங்கள் மாடியின் தெற்கு மூலையில் இருந்தன. நான் வடக்கு மூலையில் சூடை சுட்டேன். காற்று வடக்கிலிருந்து வந்தது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை ஒரு தட்டில் கொஞ்சம் ஸ்திராத்துக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ருசித்துப் பார், உன் மீன் இதில் இருக்கிறது" என்றார். உண்மையாகவே இருந்தது. நான் அதில் புளி குறைத்துக் கணவாய்க் கறி வைத்துத் திருப்பிக் கொடுத்தேன். அதன் பிறகு ஆகஸ்டில் கரி மூட்டுவதற்கு முன் தெற்கு மூலையை எட்டிப் பார்க்கிறேன்.

21 ஆகஸ்ட் 2023

அந்தக் கணவாய்க் கறியின் செய்முறையைக் கேட்டு ஒன்பது பேர். மாடிக் குசினியைப் பற்றிக் கேட்டவர் ஒருவர். நம் ஆட்கள்.

9 அக்டோபர் 2023

மார்ச்சில் எழுதாமல் விட்ட ஒரு தவறு. எவர்சில்வர் துருப்பிடித்தபோது "மழை படுவதால்தான்" என்று நினைத்து, அதற்கென்று தைத்து விற்கும் தடித்த மூடுதுணி வாங்கிப் போர்த்தினேன். இன்னும் வேகமாகப் பிடித்தது. மழைதான் உப்பைக் கழுவிக்கொண்டிருந்தது. துணிக்குள் உப்பும் ஈரமும் குடும்பம் நடத்தின. நன்றாக மழை படும் முன்பக்கத்தைவிட, கூரைக்கடியில் மறைவாக இருக்கும் உட்பக்கம்தான் முதலில் கெடுகிறது. இப்போது மிஞ்சியிருக்கும் ஒரே எவர்சில்வர்ப் பலகையை வாரத்துக்கு ஒரு தடவை நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்கிறேன். துணி மீன் வலைக்கு விரிப்பாகப் போயிற்று, பக்கத்து மாடிக் கிழவர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கழுவும்போது வரெக்கினா (குளோரின் வெளுப்பான்) வேண்டாம். குளோரின் எவர்சில்வருக்கு உப்பின் மூத்த சகோதரம். இரும்புக் கம்பி உரசியும் வேண்டாம், அதிலிருந்து உதிரும் துகள் தகட்டில் தங்கித் துருப்பிடிக்கும். ஓட்டில் படிந்த சீமெந்துக் கறையைப் போக்க மேசன் முரியாத்திகோ அமிலம் (ஹைட்ரோகுளோரிக் அமிலம்) ஊற்றினால், அன்று எல்லா உலோகத்தையும் உள்ளே கொண்டுபோய்விடுங்கள். புகை பட்டாலே போதும், மறுநாள் காலை பழுப்பு.

12 நவம்பர் 2023

தொட்டி வைத்துவிட்டீர்களா? கழிவுநீரை மழைநீர்த் துளைக்கு விடவில்லையே? நான் விட்டேன். செதிலும் எண்ணெயும் சேர்ந்து குழாய்க்குள் சவர்க்காரம் போல உறைந்தன. நவம்பரில் ஓர் இரவு மழை. காலையில் மாடியில் கணுக்கால் வரை தண்ணீர். ஓட்டுக்கடியில் இருந்த தார்ப்படலத்தில், தொட்டியின் காலை இறுக்க நான் போட்ட நாலு ஆணித் துளைகள். கீழே சிஞ்ஞோராவின் முகடு. மயிரிழை வெடிப்புக்கு இப்போது ஈர வட்டமும் துணை.

மாடித் தரையில் எதையும் துளைக்காதீர்கள். இந்த ஒரு வரிக்கு நான் கொடுத்த விலை, அவர் வீட்டு முகடு முழுவதற்கும் பூச்சு.

15 ஜனவரி 2024

பொங்கல் வாழ்த்துகள். எங்கள் பொங்கல் பொங்கவில்லை.

விடிய ஆறரைக்கு மாடியில் போர்னெல்லோனேயை வைத்து, அலுமினியப் பானை, ஐந்து லிட்டர் தண்ணீர், பால். மாயெஸ்த்ராலே. சுவாலை பானைக்கு அடியில் நிற்காமல் ஒரு பக்கமாகப் படுத்துக்கொண்டு சுவரைச் சுட்டது. முக்கால் மணி நேரம் ஆகியும் பால் ஓரத்தில் மட்டும் நுரைத்தது. மலை மறைப்பதால் சூரியனும் இங்கே பிந்தித்தான் தலைகாட்டும். இரண்டும் வருவதாக இல்லை. பேரப்பிள்ளை குளிரில் நடுங்கிக்கொண்டு, "தாத்தா, பொங்கலோ பொங்கல் இப்போதே சொல்லிவிடலாமா?" என்று கேட்டாள். கடைசியில் பானையைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டு வாசலுக்குள் வந்து வைத்தோம், கதவைத் திறந்தபடி. ஆறு நிமிடத்தில் பொங்கியது.

இடைவெளி விட்ட பலகைத் தடுப்பு எங்கே போனது என்று கேட்பீர்கள். நவம்பர் முகட்டு வேலையின்போது கழற்றினேன், திரும்பப் பூட்டவில்லை. சோம்பல்.

7 ஜூலை 2024

நிழல் பற்றி மூன்று கேள்வி. சுருக்கமாக. நாம் இருப்பது 38ஆம் அகலக்கோட்டில். ஜூன் உச்சியில் சூரியன் 75 டிகிரி உயரத்தில், தலைக்கு மேலே. டிசம்பரில் 28, முகத்துக்கு நேரே. மதியத்துக்கு மேற்கூரை போதும். ஆனால் மதியம் யார் மாடியில் சமைக்கிறார்கள்? சமைப்பது பின்னேரம், அப்போது சூரியன் வடமேற்கில், கடலுக்கு மேல், எட்டரை மணி வரை. மேற்கைப் பார்த்து அடுப்பை வைத்தால் மீன் வெந்ததா என்பது தெரியாது. நான் இரண்டு கோடை கண்ணை இடுக்கிக்கொண்டு பொரித்தேன், கருகியதெல்லாம் அந்தக் கணக்கு. அடுப்பைக் கிழக்குப் பார்க்க வையுங்கள், கடலுக்கு முதுகைக் காட்டி. கடல் விருந்தினருக்கு.

முக்கோணப் பாய் நிழல் வாங்க வேண்டாம். என்னுடையது இப்போது எங்கே என்று எனக்குத் தெரியாது. நாணல் தட்டி கிடுகு போலவே நல்ல நிழல், அடுப்புக்கு நேர் மேலே மட்டும் கூடாது, ஏன் என்று சொல்ல வேண்டுமா?

பிளக் செருகும் மின்சாரத் துளை வைத்தால் மூடியுள்ளதாக, தூசியும் பீய்ச்சும் தண்ணீரும் புகாத ஐபி 65 குறியீட்டோடு. 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் சால்வாவீத்தா அந்தக் கம்பிக்கு இருக்கிறதா என்று பாருங்கள். உயிர்காப்பான் என்று பெயர், வேலையும் அதுவே.

27 அக்டோபர் 2024

வறட்சியில் பலெர்மோவின் சில பகுதிகளில் தண்ணீரை முறைபோட்டு விடத் தொடங்கிவிட்டார்கள். வாரா வாரம் குழாயைத் திறந்து எவர்சில்வரைக் கழுவச் சொன்ன என்னை இப்போது நானே முறைத்துப் பார்க்கிறேன். ஒரு வாளி தண்ணீர், இரண்டு துணி. ஒன்று நனைக்க, ஒன்று துடைக்க. குழாயைவிட நன்றாகவே போகிறது, ஏனென்றால் துடைக்கிறோம். குழாயில் பீய்ச்சிவிட்டு அப்படியே விட்டுப்போவதுதான் வழக்கமாக இருந்தது.

அந்த வாளித் தண்ணீர் பிறகு கறிவேப்பிலைத் தொட்டிக்குப் போகும் என்று மனைவியிடம் சொன்னேன். உப்புக் கழுவிய தண்ணீரைக் கறிவேப்பிலைக்கா என்று கேட்டாள். படிக்கட்டைக் கழுவினோம்.

28 அக்டோபர் 2024

இப்போதைய குசினி என்ன என்று தம்பி மறுபடி கேட்டிருக்கிறார். மார்ச் 2023இல் "மிச்சம் நாளைக்கு" என்று விட்டது உண்மைதான்.

மார்பிள் மேசை. ஒரு போர்னெல்லோனே, சமையல் முடிந்ததும் உள்ளே போகும். சக்கரம் வைத்த ஒரு மரப்பெட்டி: தாச்சி, அகப்பை, உப்பு, எண்ணெய், எல்லாம் அதில் ஏறி வரும், அதில் ஏறித் திரும்பும். வெட்டிய எண்ணெய்த் தகரத்தில் சின்னக் கரி அடுப்பு, மாதத்துக்கு இரண்டு தடவை, தெற்கு மூலையைப் பார்த்த பிறகு. பலகைத் தடுப்பு, திரும்பப் பூட்டியாயிற்று. சுவரோடு ஒரு குழாய். அசையாமல் நிற்பது மேசையும் குழாயும் மட்டுமே. மொத்தச் செலவு, அந்த எவர்சில்வர்த் தொகுப்பின் கதவுகளுக்குக்கூடக் காணாது. ஆனால் முதல் இரண்டு குசினிச் செலவையும் கூட்டினால் பேச்சில்லை.

பீட்சா அடுப்பு வேண்டும் என்பவர்களுக்கு: கீழே தெருமுனையில் பீட்சா கிடைக்கிறது.

14 ஜனவரி 2025

பொங்கியது. தடுப்போடு, இருபத்திரண்டு நிமிடத்தில். சிஞ்ஞோராவும் மேலே வந்து நின்றார், பொங்கி வழிந்ததும் நாங்கள் கத்தியதைக் கேட்டு, அடுப்பு கெட்டுவிட்டதாக நினைத்து ஓடிவந்து துணியை எடுத்தார். வழிவதுதான் நல்லது என்று விளக்கினேன். "வழிவதற்கென்றே சமைக்கிறீர்களா?" என்றார். சர்க்கரைப் பொங்கலில் முந்திரிக்குப் பதில் இந்த ஊர் வாதுமை போட்டோம். மோசமில்லை.

19 ஜனவரி 2025

தம்பி படம் அனுப்பியிருக்கிறார். நல்ல வேளை, கல் மேடை இல்லை. மடக்கு மேசை, அடுப்பு கிழக்குப் பார்க்க, தடுப்பு இடைவெளியோடு. சிலிண்டரை மட்டும் நிழலுக்காக மேசைக்கடியில் துணிபோட்டு மூடியிருக்கிறீர்கள், துணியை எடுங்கள். அந்தச் செம்மஞ்சள் குழாயின் எண் படத்தில் தெரியவில்லை. குனிந்து வாசித்து எழுதுங்கள்.

19 ஜனவரி 2025, இரவு

2027 என்று எழுதியிருக்கிறார். நல்லது. "உங்களுடையது என்ன, அண்ணா?" என்றும் கேட்டிருக்கிறார்.

கைவிளக்கோடு மாடிக்குப் போய்க் குனிந்து பார்த்தேன். 2023. மூன்று பொங்கலை இதில்தான் வைத்திருக்கிறேன். காலையில் கடை திறந்ததும் போகிறேன். அதுவரை சமையல் உள்ளே.